தினமும் நடக்கிற குளக்கரையிலேயே புதிதாகப் பார்க்க: முழுமையான வழிகாட்டி

கோவைக்குக் கிழக்கே, நொய்யல் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து நிரம்புகிற ஒரு குளத்தின் கரையில் ஒன்பது வருடமாகக் காலையில் நடக்கிறேன். முதல் மூன்று வருடம் வெறும் நடைதான். ஒரு நாள் என் மகள் பள்ளிக்கூட வேலைக்காக, "மதகுகிட்ட இருக்கிற புங்க மரம் எப்பப்பா இலை கொட்டும்?" என்று கேட்டாள். அந்த மரத்தடியில் ஆயிரம் முறை நடந்திருப்பேன். பதில் தெரியவில்லை.

பார்ப்பதை எழுதி வைக்க அன்று வாங்கிய நோட்டு இப்போது பதினொன்றாகப் பெருகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று நாலைந்து பேர் கூட வருகிறார்கள். ஏறக்குறைய எல்லாரும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுவார்கள். கேமரா வாங்குவார்கள், செயலியை இறக்குவார்கள், பெயர்ப் பட்டியல் போடுவார்கள். ஒரு மாதத்தில் சலித்துவிடும். அதனால் கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். உங்கள் ஊரில் குளம் இல்லாவிட்டால் ஏரி, ஆற்றங்கரை, வயல் வரப்பு, வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி மனை எதுவானாலும் சரி.

1. கிளம்பும் முன் வேண்டியவை

சட்டைப் பையில் அடங்குகிற நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று. பேனா வேண்டாம். மார்கழிப் பனியிலும் சித்திரை வியர்வையிலும் மை கரைந்து எழுத்து ஊறிவிடும். கையில் கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். மணி பார்க்கக் கைபேசியை எடுத்தால் செய்தியும் பார்ப்பீர்கள், நான் உட்பட.

பைனாக்குலர் முதல் மாதம் தேவையே இல்லை. அது கையில் இருந்தால் தூரத்துக் கூழைக்கடாவைத் தேடிக்கொண்டு, காலடியில் இருப்பதை மிதித்துவிடுவீர்கள். பிறகு வாங்குவதாக இருந்தால் 8x42 என்று போட்டிருப்பதைக் கேளுங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம். பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு எல்லாம் புதியவர் கையில் நடுங்கும்.

மண் நிறம், இலைப் பச்சை என மங்கலான உடை போதும். கரையில் கண்ணாடி விரியன் இருக்கும், அதனால் மூடிய காலணி அவசியம். புல்லுக்குள் கை விட வேண்டாம். இருட்டோடு போகாதீர்கள். கோவையில் மே கடைசியில் ஆறு மணிக்கே சூரியன் வந்துவிடும், ஜனவரி கடைசியில் 6.45 ஆகும். வெளிச்சம் வந்த பிறகு கிளம்பினாலே பாதித் தொல்லை குறையும். தனியாகப் போகிற பெண்கள், பால்காரர், மீன்காரர், நடைக்காரர் நடமாட்டம் இருக்கிற நேரத்தையும் பக்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். பயந்துகொண்டு உட்கார்ந்தால் எதுவும் கண்ணில் படாது.

2. வழியைச் சுருக்குங்கள்

குளத்தைச் சுற்றி நாலு கிலோமீட்டர் என்று ஆரம்பிக்காதீர்கள். 700, 800 மீட்டர் போதும். தினமும் அதே துண்டு.

காரணம் எளிது. புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்று தெரிய, நேற்று அங்கே என்ன இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். நாலு கிலோமீட்டரை யாராலும் நினைவில் வைக்க முடியாது. எண்ணூறு மீட்டரை ஒரு மாதத்தில் வீட்டு முற்றம் போல மனப்பாடம் செய்துவிடலாம். அப்புறம் ஒரு கிளை முறிந்திருந்தாலும் கண் நிற்கும்.

அந்தத் துண்டில் கொஞ்சம் தண்ணீர், ஒரு வயதான மரம், ஒரு புதர் மூன்றும் இருக்கட்டும். அழகான பகுதியை மட்டும் பொறுக்காதீர்கள். எங்கள் வழியில் ஒரு சாக்கடை வாய்க்கால் வந்து சேர்கிறது. புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தைத் தாண்டி ஓடுவார்கள். வடக்கிலிருந்து வரும் வாலாட்டிக் குருவிகள் முதலில் இறங்குவது அங்கேதான், ஈரச் சேற்றில் புழு பூச்சி கிடைக்கிறதே. பெஞ்சு போட்டு, கல் பாவி, புல்வெளி வளர்த்த பக்கத்தில் மைனாவையும் காக்கையையும் தவிர அதிகம் பார்க்க முடியாது.

3. உடற்பயிற்சியை வேறாக வையுங்கள்

வேக நடை வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாது என்றுதான் சொல்கிறேன். பத்தாயிரம் அடி எண்ணுகிறவர் நின்றால் அவருக்கு நஷ்டம். நாம் பார்க்க வேண்டியதோ நின்றால்தான் தெரியும்.

முதல் அரைமணி நேரம் மெதுவாக, பார்ப்பதற்கு. பிறகு வேண்டுமானால் வேகமாக இரண்டு சுற்று. இந்த வரிசையை மாற்றினால் மூச்சு வாங்கிக்கொண்டே உட்கார்வீர்கள், வியர்வை வழியும், சுற்றிலும் கொசு. அதற்குள் பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கிற முதல் ஒரு மணி நேரமும் போயிருக்கும்.

4. முதலில் பத்து நிமிடம் உட்காருங்கள்

எல்லாரும் தவிர்க்கப் பார்க்கும் படி இதுதான். எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவதும் இதுதான்.

நாம் வந்ததும் கரையில் ஓர் அமைதி விழும். தவளை நிறுத்தும், கொக்கு நகரும், ஓணான் மரத்தின் மறுபக்கம் போகும். அந்த அமைதியைப் பார்த்துவிட்டுத்தான் பலர் "இங்க ஒண்ணுமே இல்லைங்க" என்கிறார்கள். நம்மைக் கண்டு அடங்கியதெல்லாம் திரும்பத் தலை நீட்ட நாலைந்து நிமிடம் பிடிக்கும். அதுவரை நாம் உட்கார்ந்திருப்பதில்லை.

போன வாரத்துப் பத்து நிமிடத்தைச் சொல்கிறேன். மதகுத் திண்டில் உட்கார்ந்தேன். முதல் மூன்று நிமிடம் ஆகாயத்தாமரையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் மட்டும். நாலாவது நிமிடத்தில் சேற்று நிறக் கட்டை ஒன்று கழுத்தை நீட்டியது. மடையான். எனக்கு இரண்டு ஆள் தூரத்தில், நான் வருவதற்கு முன்பிருந்தே நின்றிருக்கிறது. கழுத்தை நீட்டியபடி ஒரு காலைத் தூக்கி, விரல்களை மடக்கி, தண்ணீரில் ஒரு வளையம்கூட எழாமல் முன்னால் வைத்தது. மறுபடி நின்றது. ஏழாவது நிமிடத்தில் குத்தியது. விரல் நீள ஜிலேபி மீன். முழுங்கின பிறகு அலகை இரண்டு முறை தண்ணீரில் உதறியது. யாரோ வண்டியில் ஹாரன் அடிக்க, எழுந்து பறந்தது. அதுவரை மண் நிறமாக இருந்த பறவை இறக்கையை விரித்ததும் முழு வெள்ளை.

நடந்து போயிருந்தால் எனக்குக் கிடைத்திருப்பது அந்தக் கடைசி வெள்ளை மட்டும். "கொக்கு ஒண்ணு பறந்துச்சு" என்று வீட்டில் சொல்லியிருப்பேன்.

உட்காரும் இடத்தை மாற்றாதீர்கள். முதுகுக்குப் பின்னால் மரமோ சுவரோ இருந்தால் நல்லது, நம் உருவம் வானத்தில் தனியாகத் தெரியாது. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான்.

5. கண்ணை விட்டுவிட்டுக் காதில் தொடங்குங்கள்

கண் முன்னால் இருப்பதை மட்டும்தான் பார்க்கும். காதுக்கு முதுகுப் பக்கமும் உண்டு. அதனால் உட்கார்ந்த பத்து நிமிடத்தில் முதல் இரண்டு நிமிடம் கண்ணை மூடி, கேட்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விரலை மடக்குங்கள். பேருந்து, குழாயடி, கோயில் ஒலிபெருக்கி எல்லாமே கணக்கில் சேரும். வேண்டாத சத்தத்தை ஒதுக்கப் பார்த்தால் கவனம் முழுக்க அதிலேயே நிற்கும்.

பிறகு நோட்டில் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள், அது நீங்கள். சத்தம் வந்த திசையில், தூரத்துக்கு ஏற்றபடி சின்னக் குறிகள். ஆலமரத்துப் பக்கமிருந்து செம்பு தட்டுகிற மாதிரி சீராக "டுக் டுக் டுக்" என்றால் குக்குறுவான். உடம்பில் குருவி அளவுதான் இருக்கும், சத்தம் அரைக் கிலோமீட்டர் போகும். கூட்டமாகச் சண்டை போடுகிற மாதிரி புதருக்குள் கேட்டால் தவிட்டுக்குருவி. பெயர் தெரியாவிட்டால் "கதவு கிறீச்சிடுவது போல" என்று எழுதுங்கள், போதும்.

குரலை வைத்துப் பறவையைச் சொல்கிற செயலிகள் இப்போது நிறைய. நானும் பயன்படுத்துகிறேன், ஆனால் எழுதி முடித்த பிறகு. முதலிலேயே அதை நீட்டினால் காது வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. தவறாகவும் சொல்லும். கரிச்சான் மற்ற பறவைகளைப் போலக் குரல் கொடுப்பதில் கெட்டிக்காரன், அவனிடம் செயலியும் ஏமாறும், நாமும் ஏமாறுவோம்.

6. ஒரு மரத்தை உங்கள் மரமாக்குங்கள்

பறவை பறந்துவிடும். மரம் நாளைக்கும் அங்கேயே இருக்கும். புதியவருக்கு மரம்தான் நல்ல வாத்தியார்.

வழியில் தினமும் கை எட்டுகிற கிளையுள்ள ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். வாரத்தில் ஒரே நாள், உதாரணமாக ஞாயிறு, அதைப் பற்றி ஆறு விஷயம் குறியுங்கள்: தளிர், முற்றிய இலை, மொட்டு, பூ, காய், பழம். ஒவ்வொன்றுக்கும் மூன்றே மதிப்பெண். இல்லை, கொஞ்சம், நிறைய. இதற்கு மேல் நுணுக்கமாகப் போனால் மூன்றாவது வாரம் விட்டுவிடுவீர்கள்.

மகள் கேட்ட புங்கத்துக்கு வருகிறேன். மாசியில் இலை மஞ்சளாகி உதிர்ந்தது. மொட்டையாக நின்றதோ சில நாட்கள்தான், பத்துப் பதினைந்து நாளில் மரம் முழுக்கப் பளபளவென்று எலுமிச்சைப் பச்சைத் தளிர். இவ்வளவு குறுகிய காலம் என்பதால்தான் மூன்று வருடம் தவறவிட்டேன் போலிருக்கிறது. நோட்டு இல்லாமல் கண்டுபிடித்திருக்க முடியாத இன்னொன்றும் இருந்தது. புதுத் தளிர் வந்த பிறகும் போன வருடத்துக் காய்கள் தொங்கிக்கொண்டே இருந்தன. புங்கங்காய் முற்றப் பத்து மாதத்துக்குக் குறையாமல் எடுத்துக்கொள்கிறது. ஒரு வருடத்தின் காயும் அடுத்த வருடத்தின் இலையும் ஒரே கிளையில் இருந்தன.

சித்திரையில் பூக்கொட்டி மரத்தடி இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பாய் விரித்தது. பெருக்குகிற அம்மா திட்டிக்கொண்டே பெருக்கினார். இலையில் பரு மாதிரி புடைப்புகள் வந்தன. நோய் என்று பயந்து ஒருவர் மருந்தடிக்கச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப் பேன்கள் இலைக்குள் கட்டிக்கொள்ளும் வீடு அது. மரத்துக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை, அடுத்த தளிரில் தொடங்கும் இன்னொரு வீடு.

இங்கே எல்லாரும் செய்கிற தவறு, அபூர்வமான மரமாகத் தேடுவது. வேம்பு, புங்கம், பூவரசு, முருங்கை போதும். வேப்பம்பூவைச் சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் பறிக்கிறோம். அது எந்த வாரம் மொட்டு விட்டது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

7. ஒரு நாளைக்கு ஒரே கேள்வி

"இயற்கையை ரசிக்கப் போகிறேன்" என்று கிளம்பினால் கண் எதிலும் தங்காது. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அன்றைய கேள்வியை முடிவு செய்துகொள்ளுங்கள். கேள்வி சின்னதாக, பார்த்தே பதில் சொல்லக் கூடியதாக இருக்க வேண்டும். "பறவைகள் ஏன் வலசை போகின்றன" என்பது கேள்விதான், ஆனால் குளக்கரையில் உட்கார்ந்து அதற்கு விடை கிடைக்காது.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நன்றாக ஓடியவை சில:

முக்குளிப்பான் ஒரு முழுக்குக்கு எத்தனை எண்ணும்வரை தண்ணீருக்குள் இருக்கிறது? மூழ்கிய இடத்திலேயே எழுகிறதா? நீர்க்காகம் முழுகி எழுந்து இறக்கையை விரித்துக் காய வைக்கிறதே, முக்குளிப்பானும் அப்படிச் செய்கிறதா? உட்கார்ந்திருக்கிற தட்டான் இறக்கையை எப்படி வைத்திருக்கிறது? விரித்தே வைத்திருந்தால் தட்டான், முதுகுக்கு மேல் சேர்த்து மடித்தால் பெரும்பாலும் ஊசித்தட்டான். மாட்டின் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்கின் தலை வெள்ளையா, செம்மஞ்சளா? போன மாதம் எப்படி இருந்தது?

ஒரே ஒரு எருக்கஞ்செடிக்கு ஒரு வாரம் முழுக்கக் கேள்வி கேட்கலாம். "இந்தச் செடிக்கு யார் வருகிறார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பூவுக்குப் பெரிய கருவண்டு வரும். இலைக்கு வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி வந்து வயிற்றை வளைத்து ஒவ்வொரு முட்டையாக ஒட்டிவிட்டுப் போகும். சில நாளில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு புழு. முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்புகள்.

அந்தப் புழு சாப்பிடுவதைக் குனிந்து பாருங்கள். எருக்கை ஒடித்தால் பால் கொட்டும் இல்லையா, அது புழுவின் வாயையும் ஒட்டிவிடும். அதனால் முதலில் இலை நரம்பைக் கடித்துப் பாலை வடியவிடுகிறது. சற்றுப் பொறுத்து, பால் வராத பக்கத்திலிருந்து மெல்லத் தொடங்குகிறது. எங்களோடு வந்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இதை நாற்பது நிமிடம் பார்த்தான். அவன் அப்பா அதுவரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் பார்ப்பதை அவர் பார்க்க ஆரம்பித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. எருக்கின் நச்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் இந்தப் பூச்சியைப் பறவைகள் அதிகம் தொடுவதில்லை. அது நிதானமாக, பயமில்லாமல் பறப்பதைக் கவனித்தால் இது தானே விளங்கும்.

8. அங்கேயே எழுதுங்கள்

வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று வைத்தால் எழுத மாட்டீர்கள். எழுதினாலும் பார்த்ததை விட்டுவிட்டு, பார்த்திருக்க வேண்டியதை எழுதுவீர்கள். நினைவு அப்படித்தான், ஓட்டைகளைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

நாலு வரி போதும். முதல் வரியில் தேதி, மணி, வானம், காற்று. இரண்டாவதில் நேற்றிலிருந்து மாறியது. மூன்றாவதில் கிட்டப் பார்த்த ஒரே ஒரு விஷயம். நாலாவதில் விடை தெரியாத கேள்வி. என் நோட்டிலிருந்து ஒன்று:

"ஆடி 9. காலை 6.20. மேகம். மேற்கே இருந்து பலத்த காற்று, தண்ணீர் அலை அடிக்கிறது. ஆகாயத்தாமரை முழுக்கக் கிழக்குக் கரையில் ஒதுங்கிவிட்டது, மேற்குப் பக்கம் வெறும் தண்ணீர். நீலத் தாழைக்கோழி ஒன்று தண்டை ஒரு காலால் பிடித்துத் தூக்கி, நாம் முறுக்குத் தின்பது போல நுனியிலிருந்து கடித்தது. வலது கால். எப்போதும் வலது கால்தானா?"

"இனிமையான காலை, மனம் லேசானது" என்று நோட்டு முழுக்க எழுதுகிறவர்கள் உண்டு. அடுத்த வருடம் படித்தால் அந்த வரியில் ஒன்றும் இருக்காது. அலை அடித்தது என்று எழுதினால், மனம் எப்படி இருந்தது என்பதும் கூடவே ஞாபகம் வரும்.

படம் வரைய வராது என்று சொல்லாதீர்கள். வட்டம், கோடு, அம்புக்குறி தெரிந்தால் போதும். அலகு வளைந்ததா நேரா என்று தாளில் கோடு இழுக்கும்போதுதான் அதைப் பார்க்கவே இல்லை என்று தெரியும். மறுபடி நிமிர்ந்து பார்ப்பீர்கள். வரைவதில் உள்ள லாபம் அதுதான்.

9. இப்போது பெயர்

பெயரை இவ்வளவு பின்னால் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. "அது என்னங்க?" என்று ஒருவர் கேட்பார், பக்கத்தில் இருப்பவர் பெயரைச் சொல்வார், உடனே இருவரும் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். பெயர் கிடைத்ததும் பார்ப்பது நின்றுவிடுகிறது. ஒரு காலை நடையில் நாற்பது பெயர் எழுதிக்கொண்டு போன ஒருவர், அடுத்த வாரம் அதே மீன்கொத்தியைக் காட்டி அதே கேள்வியைக் கேட்டார்.

அதனால் முதலில் நீங்களே ஒரு பெயர் வையுங்கள். பார்த்த அடையாளத்தை வைத்து, "நெற்றியில் வெள்ளைக் கோழி" என்கிற மாதிரி. பிறகு புத்தகத்தைப் பாருங்கள். அங்கே நாமக்கோழி என்று இருக்கும். உங்களுக்கு முன்னால் யாரோ அதையே பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். வாலாட்டி, முக்குளிப்பான், ஆள்காட்டி, நத்தைகுத்தி நாரை என்று நம் பெயர்களில் பாதிக்கு மேல் பார்த்துச் சொன்னவைதான். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் சரியாக மூடாது, ஓர் இடைவெளி தெரியும். அது நத்தையை எடுப்பதை ஒரு முறை பார்த்தவருக்குப் பெயர் மறக்காது.

பரிசலில் மீன் பிடிக்கிறவர், ஆடு மேய்க்கிறவர், கீரை பறிக்கிற ஆயா எல்லாரிடமும் கேளுங்கள். அவசரமாகக் கேட்காமல், வணக்கம் சொல்லி, நாலு நாள் பழகிய பிறகு. எங்கள் குளத்துப் பரிசல்காரர் ஒரு வருடம் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். "என்ன சார், தினமும் ஒரே எடத்துல உக்காந்து எதை எழுதறீங்க? குளத்தை அளக்கறாங்களா?" நோட்டைக் காட்டினேன். படித்துவிட்டு, "கோழி வலது கால்லதான் புடிக்குதா? நானும் பாக்கறேன்" என்றார். மூன்று நாள் கழித்து வந்து, "ரெண்டு காலும் புடிக்குதுங்க சார்" என்றார். அந்த வரியையும் தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.

புத்தகத்துப் பெயரும் ஊர்ப் பெயரும் ஒத்துப்போகாது. இரண்டையும் எழுதுங்கள்.

10. வருடத்தைத் தமிழ் மாதத்தில் கட்டுங்கள்

நோட்டின் கடைசி இரண்டு பக்கத்தில் பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டம் போடுங்கள். "முதல்" என்பவற்றை மட்டும் அதில் ஏற்றுங்கள். முதல் குயில் குரல், முதல் வாலாட்டி, முதல் ஈசல், உங்கள் மரத்தின் முதல் தளிர்.

எங்கள் கரையில் போக்கு ஏறக்குறைய இப்படி. மாசி பங்குனியில் மரங்கள் உடை மாற்றும், குயில் தொண்டையைத் திறக்கும். சித்திரை வைகாசியில் சரக்கொன்றை, நுங்கு, தரையில் முட்டையிடும் ஆள்காட்டி. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று. இங்கே மழை குறைவு, காற்று அதிகம், மலையில் பெய்தது நொய்யலில் வரும். ஆவணி புரட்டாசியில் மயில்கள் தோகை உதிர்க்கும், வடக்கிலிருந்து வாலாட்டிகள் வந்து சேரும். ஐப்பசி மழைக்கு ஈசல். செம்மண்ணில் வெல்வெட் துணி போன்ற சிவப்புப் பட்டுப்பூச்சி. கார்த்திகை முதல் தை வரை தண்ணீரில் பறவைக் கூட்டம்.

முதல் வருடம் இந்தக் கட்டங்கள் வெறும் தேதியாக இருக்கும். இரண்டாவது வருடத்தில்தான் பேசத் தொடங்கும். "போன வருடம் இதே வாரம் வாலாட்டி வந்துவிட்டதே, இன்னும் காணோமே" என்று சாக்கடை ஓரத்தில் நின்று எட்டிப் பார்ப்பீர்கள். வராத ஒன்றைத் தேடிக் கண் போகிறதென்றால் இந்தப் பழக்கம் பிடித்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

தை பிறக்கும்போது தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள், 2015 முதல். பொங்கல் விடுமுறை நாட்களில் குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் பார்த்த பறவைகளை எண்ணி, இபேர்டு (eBird) என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். மொட்டை மாடியில் நின்றும் எண்ணலாம். ஒரு மாதம் நோட்டு எழுதியவருக்கு அது கஷ்டமே இல்லை.

11. சலிப்பு வரும், வந்தால்

மூன்றாவது நாலாவது வாரத்தில் கட்டாயம் வரும். "எல்லாம் பார்த்தாச்சு" என்று தோன்றும். அப்போது வால்பாறைக்கோ வேடந்தாங்கலுக்கோ ஓடாதீர்கள். அந்த இடங்கள் நல்ல இடங்கள்தான், ஆனால் ஆயிரக்கணக்கில் பறவையைப் பார்த்துவிட்டு வந்து மதகில் உட்கார்ந்தால் ஒற்றை மடையான் மட்டமாகத் தெரியும். மூன்று மாதம் போகட்டும்.

அதற்குப் பதிலாக வழியை எதிர்த் திசையில் நடங்கள். அதே மரத்தின் மறுபக்கம் புதிதாக இருக்கும். காலையை விட்டு மாலையில் போங்கள், கூடடையும் சத்தம் வேறு உலகம். மழை விட்ட கால்மணி நேரத்துக்குள் போங்கள். இல்லையென்றால் நாலு மீட்டர் கயிறு எடுத்துத் தரையில் சதுரமாகப் போட்டு, அரைமணி நேரம் அதற்குள் நடப்பதை மட்டும் பாருங்கள். எனக்கு அதிகமாகக் கைகொடுத்தது இந்தக் கயிறுதான். முதல் முறை போட்டபோது ஒரே சதுரத்துக்குள் மூன்று வகை எறும்பு, ஆளுக்கொரு பாதை.

ஐந்து வயதுக் குழந்தையோ எழுபது வயதுப் பெரியவரோ கூட வந்தால் விடாதீர்கள். குழந்தை தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெரியவர் இந்தக் குளத்தில் முன்பு என்ன இருந்தது என்று சொல்வார்.

12. அவற்றுக்குத் தொல்லை இல்லாமல்

ஆள்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால் "எவ்வளவு கிட்ட வருது!" என்று நிற்காதீர்கள். முட்டையோ குஞ்சோ உங்கள் காலடியில் எங்கோ இருக்கிறது. கூழாங்கல் நிறத்தில் இருக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். வந்த தடத்திலேயே பின்னால் போய்விடுங்கள்.

கைபேசியில் குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்க வேண்டாம். இன்னொருவன் தன் இடத்துக்கு வந்துவிட்டான் என்று அது சாப்பாட்டை விட்டுவிட்டு அலையும். மீனுக்கு ரொட்டி, பிஸ்கட் போடாதீர்கள். கூட்டைப் படம் எடுத்து இடத்தோடு பகிராதீர்கள்.

13. மாதக் கடைசியில் திரும்பப் படிக்க

ஒரு மணி நேரம் ஒதுக்கி, அந்த மாதம் எழுதியதை முழுக்கப் படியுங்கள். நாலாவது வரிகளை, அதாவது கேள்விகளை மட்டும், தனியாக ஒரு பக்கத்தில் எடுத்து எழுதுங்கள். அடுத்த மாதக் காலைகளுக்கு வேண்டியது அதிலேயே கிடைக்கும்.

படிக்கும்போது தவறாக எழுதியது கண்ணில் படும். அழிக்காதீர்கள், பக்கத்தில் இன்றைய தேதி போட்டுச் சரியானதை எழுதுங்கள். என் முதல் நோட்டில் ஆறாம் பக்கத்தில் "உடம்பெல்லாம் புள்ளி, பழுப்பு, நீள வால், சின்னப் பருந்து?" என்று இருக்கிறது. அதற்குக் கீழே, ஒன்பது மாதம் கழித்த தேதியில், "பெண் குயில். காக்கா துரத்தியது" என்று இருக்கிறது.